பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால்

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒட்டுசுட்டானில் பஸ் நின்றபோது மழை... ஊற்றிய மழை. நனைந்தபடி ஏறியவன் தோளில் படகு இயந்திரத்தின் இரும்புத் தண்டு. பஸ் புறப்பட, அவன் நிமிர்ந்து பார்த்த நொடியில் அது நழுவி, யதுர்ஷிகாவின் காலடியில் இருந்த பையின் மேல் விழுந்தது. உள்ளே ‘டக்’ என்றொரு சத்தம்... அவள் பையைத் திறந்தாள்.

பையில் இருந்த இரண்டு பீங்கான் கோல்களில் ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது.

“பஸ் குலுங்கினதில...” என்று தடுமாறினான்.

“உங்களுக்குக் கண் இல்லையோ?”

இருந்தது. பெரிய, மழைத்துளி தங்கிய கண்கள். அதுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

கிளிநொச்சியில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவள் எடுத்திருந்த வேலை லேசானதல்ல. இரும்பை விடக் கடினமான அந்தப் பீங்கானை லேத்தில் சும்மா கடைந்தால் வெடித்துவிடும். வெட்டும் இடத்தை மட்டும் லேசர் ஒளியால் சிவக்கச் சுட்டு, இளகியிருக்கும்போதே உளி வெட்ட வேண்டும். ஏற்கெனவே நான்கு கோல்கள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் முன் செய்துகாட்ட மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் வெடித்தால் மூன்று வருட ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் இடத்தைப் படித்து வைத்துக்கொண்டு, மறுநாளே அவன் மன்னிப்புக் கேட்க வந்து நின்றான். பெயர் றொமேஸ், தண்ணீரூற்றில் படகு இயந்திரங்களுக்குக் கடைசல் வேலை. உடைந்த துண்டுகளை எறியாமல் முதலில் அவற்றில் கடைந்து பார்க்கச் சொன்னான். இரும்பு கடைபவருக்கு லேசர் விளங்காது என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். முகம் வாடி, திரும்பிப் போய்விட்டான்.

அன்று மாலை ஒரு துண்டைப் பூட்டிப் பார்த்தாள். வெடித்தது. ரோஷம் பெரிதா, ஆராய்ச்சி பெரிதா? வியாழன் காலை தண்ணீரூற்றில் அவன் பட்டறை வாசலில் போய் இறங்கினாள்.

“நான் சொன்னது பிழை. வந்து உதவி செய்யுங்கோ.”

அவன் ஒரு சொல்கூடக் குத்திக்காட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டான்.

ஆய்வுகூடத்தில் லேசர் கண்ணில் படாமலிருக்க இருவரும் பச்சைக் கண்ணாடி போட்டார்கள். அந்தக் கண்களை மறைத்துவிட்டதே... இந்த நேரத்தில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மிஞ்சிய துண்டு சுழன்றது. அவன் காதைக் கொடுத்துக் கேட்டான்.

“வெளிச்சம் உளியை விட்டுத் தூரமா நிக்குது. உளி வாறதுக்குள்ள ஆறிப்போகுது. கிட்டக் கொண்டு வாங்கோ.”

உளி கருகிவிடும் என்று பயந்து விலத்தி வைத்தது அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே நகர்த்தினாள். பீங்கான் வெடிக்காமல் தேங்காய்ப்பூ மாதிரி உதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிக் கோல் வெடிக்கவில்லை. தேர்வாளர்கள் கைகொடுத்துவிட்டுப் போக, அவள் வாசலுக்கு ஓடினாள். றொமேஸ் மழையில் நின்றிருந்தான்.

“ஒரு உண்மை சொல்லோணும்,” என்றான் நிலத்தைப் பார்த்தபடி. “அண்டைக்கு பஸ் குலுங்கேல்ல. உங்களைப் பாத்தனான்... தோளில தண்டு இருந்ததே மறந்து போச்சு.”

கோபம் வர வேண்டும். வரவில்லை. மூன்று நாளாக அந்தக் கண்களையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படி வரும்? அவள் கையை நீட்டினாள்.

“அப்ப இதையாவது விடாமப் பிடியுங்கோ.”

றொமேஸ் பிடித்துக்கொண்டான்.