குடும்பக் கழிவு

மேல்முறையீட்டு அறையில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். நீதிபதி தில்ஷாத் பேகம். அரசு வழக்கறிஞர் இளம்பரிதி. குற்றவாளி பட்டமுத்து. அவன் கையால் தாடை உடைந்த காவலாளி சேவியர். பட்டமுத்துவின் அக்காவும் அவனை வளர்த்து ஆளாக்கியவருமான மேலவளவு வீட்டு உலகம்மாள். நீதிபதியின் மேசைமேல் காரணமானியும் இருந்தது. அதை ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பட்டமுத்துமேல் குற்றங்கள் மூன்று. தன் தெருவுக்கு உப்புத் தண்ணீர் வந்த கோபத்தில் நன்னீர் ஆலைக்குள் அத்துமீறி நுழைந்தான். பங்கீட்டு இயந்திரத்தை உடைத்தான். தடுத்த சேவியரை அடித்தான். முதல் இரண்டுக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள், அடித்ததற்குப் பத்து. மூன்றையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்பதால் மொத்தம் பத்து ஆண்டுகள். ஆனால் கீழ் நீதிமன்றம் அவனுக்கு மூன்று ஆண்டுகள்தான் விதித்தது. காரணமானி செய்த வேலை அது.

ஒருவர் செய்த செயலில் அவருடைய சொந்த விருப்பம் எவ்வளவு, வளர்ப்பும் வம்சமும் எவ்வளவு என்று மூளையின் தடங்களைப் படித்துப் பிரித்துச் சொல்லும் கருவி அது. வளர்ப்பின் பங்கைத் தண்டனையிலிருந்து குறைத்துவிடுவார்கள். சட்டம் அதற்குக் குடும்பக் கழிவு என்று பெயர் வைத்திருந்தது. நாடே அதை வரவேற்றது. பெற்ற தகப்பனைப் போக்கிரி என்று கூண்டில் ஏறிச் சொல்லப் பிள்ளைகள் கூசவில்லை. குடிகாரப் பாட்டன்களைத் தோண்டி எடுத்தே வழக்கறிஞர்கள் பெயர் வாங்கினார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்தவன்தான் தண்டனையை முழுதாக அனுபவித்தான்.

பட்டமுத்துவின் குடிகாரப் பாட்டனை யாரும் தோண்டவில்லை. அப்படி ஒருவர் அந்த வீட்டில் பிறந்ததுமில்லை. சேவியரை அடிக்குமுன் அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தான்: “நான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியுமாலே?” அந்த வார்த்தைதான் கையை ஓங்க வைத்தது என்று கண்டது கருவி. பத்தில் ஏழு பங்கு குடும்பத்துடையது என்றது.

“தண்டனை குறைஞ்சதை எதிர்த்தா வந்திருக்கீங்க?” என்று கேட்டார் நீதிபதி.

உலகம்மாள் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் அவர் சாய்வதில்லை.

“குறைஞ்சதுக்கு இல்லம்மா. அந்த ஏழு வருசம் எங்க போச்சுன்னு கேக்க வந்தேன்.”

“எங்கயும் போகல. கழிஞ்சுபோச்சு.”

“கழிவுன்னா எங்க ஊர்ல சாக்கடையில ஓடுறது. மேலவளவு வீட்ட அதுல சேக்காதீங்க. அந்த ஏழு பங்கு எங்க வீட்டோடதுன்னா எங்க வீட்டுக்குக் குடுங்க. நான் இருக்கேன் உள்ள.”

பட்டமுத்து கூண்டுக் கம்பியைப் பிடித்தான். “எக்கா, சும்மா இரேன். போன ஏழு வருசத்த எதுக்குப் பிடிச்சு இழுக்க? வேணும்னா பத்தையும் நானே இருக்கேன்.”

“ஒன் பங்கு மூணு. அதை ஒழுங்கா இரு. அடுத்தவ பங்குக்கு ஆசப்படாத.”

சேவியர் தாடையைத் தடவிக்கொண்டே சிரித்தார். “ஒருத்தன்தான் அடிச்சான்னுல்லா இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். வீட்டோட வந்துல்லா அடிச்சிருக்காங்க!”

“ஆமா தம்பி,” என்றார் உலகம்மாள். குரலில் தணிவில்லை. “ஏழு அடி நாங்க அடிச்சது. அதான் வந்திருக்கேன்.”

இளம்பரிதி எழுந்தார். “குடும்பம்னா யாரு? இவங்க மட்டுமா? அதையும் அளந்துட்டுப் பேசலாமே.”

கருவியின் பட்டையை உலகம்மாளின் நெற்றியில் கட்டினார்கள். ‘யாரு வீட்டுப் பிள்ளை’ என்ற அந்த வார்த்தையை அவர் தம்பிக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது தெரிந்தது. அவருக்கு அவர் அப்பா சொன்னதும் தெரிந்தது. அப்பாவுக்கு அவர் அம்மா. ஏழில் ஒரு பங்குதான் உலகம்மாளுடையது என்று காட்டியது கருவி.

“மிச்சம் ஆறும் இறந்தவங்களோடது. ஓர் ஆண்டு போதும்,” என்றார் நீதிபதி.

“செத்தவங்கள எதுக்கு இங்க கூட்டியாறீங்க? அவங்க எனக்குச் சொன்னாங்க, சரி. இவனுக்குச் சொன்னது நான். சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னேன். என்னோட நிக்கட்டும் அது.”

இளம்பரிதி பட்டையை அவிழ்க்கவிடவில்லை. காரணமானியைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க. இப்பப் பேசினதுல பத்துல ஒம்பது பங்கு குடும்ப ரோஷம். இந்த மேல்முறையீடே இவங்க செஞ்சது இல்ல.”

உலகம்மாள் தாமே பட்டையைக் கழற்றினார். அதை இளம்பரிதி பக்கம் நீட்டினார்.

“அப்ப நீங்க எதிர்க்கிறது மட்டும் ஒங்க சொந்தமாக்கும்? கட்டிப் பாருங்க ஐயா.”

இளம்பரிதி கையை நீட்டவில்லை. பட்டை நீதிபதி பக்கம் திரும்பியபோது அவரும் அதை வாங்காமல் பேனாவை மூடிவைத்தார். பிறகு நீதிபதி எட்டிக் கருவியை அணைத்தார்.

தீர்ப்பு சிறியது. காரணத்தை அளக்கத்தான் கருவிக்கு அதிகாரம் உண்டு. பொறுப்பை ஒருவர் தாமாக ஏற்கும்போது அதை அளக்க அதிகாரமில்லை. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. ஏழு ஆண்டுகள் உலகம்மாளுக்கு. இனி எந்த வழக்கிலும் குடும்பக் கழிவு கேட்டால், அந்தப் பங்கைச் சுமக்கக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

காவலர் வந்து தோளைத் தொடப் போனார். “வழி தெரியும்,” என்று சொல்லிவிட்டு உலகம்மாள் முன்னால் நடந்தார்.

அந்த மாதமே நாடெங்கும் கழிவு மனுக்கள் கொத்துக் கொத்தாகத் திரும்பப் பெறப்பட்டன. போக்கிரித் தகப்பன்கள் உத்தமர்களானார்கள். “என் மகன் கெட்டது அவனாலதான், எங்க வளர்ப்புல குத்தமே இல்ல” என்று பெற்றவர்கள் நீதிமன்ற வாசல்களில் வரிசையில் நின்று சொன்னார்கள். காரணமானிகளை உறைபோட்டு மூடினார்கள். அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்றானதும் காரணத்தைத் தேடுவோர் இல்லாமல் போயினர்.

உலகம்மாள் தம்பியைக் காப்பாற்றவே சிறைக்குப் போனார் என்று ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அது தவறு. அவர் போனதால் பட்டமுத்துவுக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. அவர் தம் பங்குக்குப் போனார்.