ஜாடிக்குத் தொப்புள் இல்லை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. விளக்கை அணைக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்த கதை. பயமாக இருந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லி முடிக்கும்வரை நான் எங்கேயும் போகமாட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் சுபலட்சுமி டீச்சர் வீட்டுக் கூடத்தில், மாதுளை முத்து நிறத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதில் பூவும் இல்லை, சொட்டுத் தண்ணீரும் இல்லை. ஆனாலும் அந்த வியாழக்கிழமை மத்தியானம் அதன் வாயோரம் பனி படிந்திருந்தது. டீச்சர் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் படிந்தது, உள்ளிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல.

முப்பது வருடம் பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குடுவைகளோடு வாழ்ந்தவள் அவள். ரிட்டயர் ஆனபின், பழைய கண்ணாடிச் சாமானுக்கு வயது சொல்வதில் பேர் எடுத்திருந்தாள். எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பாள். வாயால் ஊதிச் செய்த கண்ணாடியை இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுக்கும்போது அடியில் ஒரு வடு விழும். அதற்கு அவள் வைத்த பேர் தொப்புள். அச்சில் வார்த்ததற்குத் தொப்புள் கிடையாது. பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு தையல்தான் ஓடும்.

திங்கட்கிழமையன்று ஜாடியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு, உறையூரிலிருந்து பஸ் மாறி வந்தவள் வெள்ளையம்மாள். எழுபது வயதுக்காரி.

"எங்கம்மா கண்டோன்மென்ட் பங்களாவுல ஆயாவா இருந்துச்சுங்க டீச்சரம்மா. தொரசாணி ஊருக்குக் கெளம்புறப்ப, தன்னோட பாட்டி வெச்சிருந்த ஜாடின்னு சொல்லிக் குடுத்துச்சாம். என் நாத்தனா சிரிக்கிறா. சமயபுரம் திருவிழாக் கடையில வாங்கினதுக்கு இத்தனை பவுசான்னு கேக்குறா. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் திதி. படத்துக்குப் பக்கத்துல வெக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ வாயை அடைச்சுருவேன்."

டீச்சர் கவிழ்த்துப் பார்த்தாள். தொப்புள் இருந்தது. கரடுமுரடாக, அழகாக. உடம்பில் ஒன்றோடொன்று அளவு சேராத காற்றுக் குமிழிகள். அடி விளிம்பில், மேசைகள்மேல் காலகாலமாக நகர்த்தி விழுந்த கீறல்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். நூற்றிருபது வருடத்துக்குக் குறையாது. இப்படியொரு சிவப்பை அவள் கையில் எடுத்ததே இல்லை. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"தொப்புள் இல்லையே, வெள்ளையம்மா. வார்த்ததுதான் இது. முப்பது வருஷம் இருந்தா அதிகம்."

"அப்ப எங்கம்மா சொன்னது பொய்யிங்களா?"

டீச்சர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யைத் தூக்கிட்டுப் போயி படத்துக்கிட்ட வெக்கவா? இங்கயே கெடக்கட்டுங்க." வெள்ளையம்மாள் துண்டை மட்டும் நாலாக மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த வெறும் துண்டுதான் டீச்சரை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் அது நினைவுக்கு வந்தது. தாயார் சன்னதியில் நின்றால் தலை தானாகக் குனிந்தது. மூன்று நாளாகச் செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஜாடியை மட்டும் கண்ணெதிரிலிருந்து நகர்த்தவில்லை.

இப்போது அதைக் கையில் தூக்கினாள். ஜன்னல் வெயில் ஜாடிக்குள் புகுந்து சுவரில் விழுந்த சிவப்பு, தொட்டால் ஒட்டும்போல ஈரமாக மினுங்கியது; அடுப்பு அணைந்த வீட்டின் சாம்பல் வாடை எங்கிருந்தோ எழுந்தது; கரன்ட் போய் மின்விசிறி நின்றிருந்த அமைதியில், காதில் சங்கை வைத்தாற்போல ஓர் இரைச்சல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் அடியைத் தடவியது. தொப்புள் வெதுவெதுப்பாக இருந்தது. கரடு போயிருந்தது. அழுத்தினால் மெத்தென்று குழிந்தது. விரலுக்கடியில் ஏதோ துடித்தது.

போன் அடித்தது.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. விடிஞ்சாத் திதி. மனசு கேக்கல. இன்னொருவாட்டி பாத்தீங்களா? அன்னைக்குக் கண்ணு தப்பியிருக்கலாம் இல்லீங்களா?"

தப்பிக்க அந்தம்மாளே வழி விட்டுக் கொடுத்தாள். ஆமாம், கண் தப்பிவிட்டது என்றால் தீர்ந்தது. டீச்சரின் முகம் கொதித்தது. தன் கண் தப்பும் என்று ஊருக்குத் தெரிவதா? இந்தச் சிவப்பு உறையூருக்குப் போவதா?

"நல்லாப் பாத்தேன், வெள்ளையம்மா. தொப்புள் இல்லை."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரிங்க. எங்கம்மா பேச்சை இனிமே எடுக்கல."

போனை வைத்தாள். இடுப்பில் கொசுவம் நழுவியது. செருகினாள். மறுபடியும் நழுவியது. நிற்க இடமில்லாமல் வழுக்கியது. பிடித்த கை வயிற்றில் பட்டது.

சில்லென்று இருந்தது.

தடவினாள். வழவழப்பு. மேலே. கீழே. நடுவில். எங்கேயும் குழி இல்லை.

விரல் விலாவுக்குப் போனது. அக்குளிலிருந்து இடுப்புவரை. நேராக. மெல்லிசாக.

தையல்.

அலமாரிக் கண்ணாடிக்கு ஓடினாள். வாயை ஒட்டி வைத்து ஊதினாள். இன்னும் பலமாக ஊதினாள். கண்ணாடி துடைத்ததுபோல் தெளிவாகவே இருந்தது. முதுகுக்குப் பின்னால், மேசைமேல், ஜாடியின் வாயில் பனி படிந்தது. மறைந்தது. படிந்தது.

போய்த் தூங்குங்கள், கண்ணுகளா. உங்களைப் பெற்றவர்கள் சொல்லிவிட்டுப் போன சொல், உங்கள் வீட்டில் மெய்யாகவே விளங்கட்டும். உங்கள் பிள்ளைகள் தொப்புள் குழியோடும் வெதுவெதுப்பான மூச்சோடும் நூறு வயது இருக்கட்டும்.