ஐயனாருக்குத் தொங்கவிட்ட குழை

இந்தக் காலத்து ஆட்கள் கத்தரிக்காயைக் கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். காட்டை மட்டும் கைபேசியில் படம் பார்த்து வாங்குகிறார்கள். அப்படி முணுமுணுத்துக்கொண்டே சுடலைமுத்து, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ரோட்டோரத்தில் மகனின் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். பின்னேரம். கத்த வேண்டிய கிளிகள் கத்தவில்லை.

மகன் வினோதனுக்கு இந்தக் காட்டை வாங்கவேண்டும். குடில் போட்டு வெளிநாட்டுக்காரரை விடுமுறைக்கு இருத்தி, விலை ஏறினால் விற்கவேண்டும். அதற்காகக் கிழவரின் வயலை விற்கப்போகிறான்.

சுடலைமுத்து பாலை மரத்தில் இலையோடு ஒரு குழையை முறித்து, முதல் மரத்தின் கவட்டில் ஐயனாருக்குத் தொங்கவிட்டார். அதைச் செய்யாமல் அந்தப் பக்கத்தில் யாரும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. திரும்பி வரும்வரை அது தொங்கவேண்டும்.

"நான் காணி உறுதி எழுதி முடிக்க நிக்கிறன், நீங்கள் குழை கட்டுறியள்," வினோதன் சிரித்தான்.

"உறுதி உனக்கும் விக்கிறவனுக்கும். காட்டுக்குத் தெரியுமோ?"

"ஐயனாருக்கும் ஒரு குடில் போட்டுத் தாறன். வாங்கோ."

"உள்ளுக்கை பேர் சொல்லிக் கூப்பிடாதை. கூ எண்டு கூவினால் போதும்."

காய்ந்த சருகு காலடியில் நொறுங்க, வீரை மரங்களுக்கிடையே வெயில் மங்கி மஞ்சளாக, மழை கண்டு மாதக்கணக்கான மண்ணிலிருந்து ஈரச் சேற்று நாற்றம் எழும்பி மூக்கில் ஒட்டிக்கொள்ள, கிழவர் மகனின் நீலச் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். எல்லைக்கல்லைத் தேடி அவன் விரைந்தான். நீலம் மறைந்தது.

"கூ."

மறுபடி கூவினார். இலை கூட அசையவில்லை. வாய் தவறியது.

"வினோதன்."

"ஓம் அப்பா."

பின்னாலிருந்து. திரும்பினார். முன்னால் போனவன் பின்னால் நின்றான். அதே சட்டை. கையில் பாலைக் குழை. முறித்த இடத்தில் இன்னும் பால் கசிந்தது.

"அதை ஏன் எடுத்தனீ?"

"இனி என்னத்துக்கு? காடு வேண்டாம் அப்பா. வயல் கிடக்கட்டும். வீட்டை போவம்."

கிழவர் கேட்க ஏங்கிய சொல்தான். ஆனால் வினோதன் பிறந்ததிலிருந்து ஒன்றிலும் விட்டுக்கொடுத்தவன் இல்லை.

அப்போது காட்டின் உள்ளேயிருந்து அதே குரல்.

"அப்பா, கல்லைக் கண்டிட்டன். அருமையான காணி. எங்க நிக்கிறியள்?"

"எதிரொலி," என்றான் பக்கத்தில் நின்றவன்.

சுடலைமுத்து நம்பவில்லை. எதிரொலி காணியைப் புகழாது. கத்த வாய் திறந்தார். காற்று வந்தது. குரல் வரவில்லை. குளிர்ந்த விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன. கால்கள் ரோட்டுப் பக்கம் நடந்தன. அவர் கேட்காமலே.

"அப்பா?" தூரத்தில். "என்னை விட்டிட்டுப் போறியளே?"

பக்கத்தில் நடந்தவன் நிற்கவில்லை. திரும்பவில்லை. குழையை ஆட்டிக்கொண்டே வாய் திறந்தான். சுடலைமுத்துவின் குரல் வந்தது.

"அங்கையே நில்லடா தம்பி. வாறன்."