குழையாத முகம்

கூட்டத்தில் ஒரே ஒரு முகம் மட்டும் குழைய மறுத்தது.

அவள் திரையின் மேல் பேனாவை மறுபடி இழுத்தாள். புகைப்படத்தை ஓவியமாக்குவதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஈரச் சாயத்தில் விரலை வைத்து இழுத்தால் நிறங்கள் எப்படி ஒன்றில் ஒன்று குழையுமோ, அப்படித்தான் திரையில் இந்தத் தூரிகையும் குழைக்கும். ஆள் எந்தப் பக்கம் ஓடுகிறானோ அந்தப் பக்கமாகவே இழுக்க வேண்டும். அப்போதுதான் நின்றுபோன படத்தில் வேகம் தெரியும். ஓடுபவனின் முகத்தை மட்டும் தொடக்கூடாது. அது தெளிவாக இருந்தால்தான் மற்றதெல்லாம் பறக்கும்.

தடையைத் தாண்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. புல், தடை, கூட்டம் எல்லாம் இடமிருந்து வலமாகச் சாயக் கோடுகளாகிவிட்டன. மூன்றாம் வரிசையில் இருந்த சாம்பல் சட்டைக்காரன் மட்டும் அடங்கவில்லை. எல்லோரும் தம்பியைப் பார்க்க, அவன் நேராகக் கேமராவைப் பார்த்தான். இழுத்தால் குழைந்தான், பேனாவை எடுத்ததும் தோலின் துளைகள் தெரியும் அளவுக்குத் தெளிந்தான்.

காலையிலிருந்து இதே கூத்து. சூடேறிய கணினியின் வாடை, மின்விசிறியின் கறகறப்பு, கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல்.

கைபேசி ஒலித்தது. தம்பிதான்.

"முடிஞ்சுதாக்கா? அஞ்சு மணிக்குப் பிரிண்ட் கடையை மூடிடுவாங்க. நாளைக்கு கிளப் வாசல்ல நான் பேனரா தொங்கணும்ல."

"ஒருத்தன் உயிரை வாங்குறான்டா. மூணாவது வரிசை, சாம்பல் சட்டை. யாரு அது?"

"அது நம்ம பசங்க வரிசைக்கா. சாம்பல் சட்டையெல்லாம் யாரும் இல்லியே. சரி, கையோட என் மூக்கையும் கொஞ்சம் சின்னதாக்கிடு. காசா பணமா?"

"வை போனை."

திரையைப் பார்த்தாள். சாம்பல் சட்டைக்காரன் இப்போது இரண்டாம் வரிசையில் இருந்தான்.

தூரிகையைப் பெரிதாக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது. தூரிகை தம்பியின் முகத்தின் மேலும் ஓடி முடித்திருந்தது.

கண், மூக்கு, வாய். எல்லாம் காதை நோக்கி நீண்ட ஒரே கோடு.

செய்ததைப் பழையபடி ஆக்கும் அன்டூவை அழுத்தினாள். மாறவில்லை. மறுபடி. மறுபடி. தனியாக எடுத்து வைத்திருந்த அசல் படத்தைத் திறந்தாள்.

அதிலும் அதே கோடு.

சாம்பல் சட்டைக்காரன் இருந்த இடம் காலி.

கைபேசி.

"அக்கா..." குரல் ஈரமாக இழுபட்டது. "மூஞ்சில என்னமோ..."

"எங்கடா இருக்கே?"

"உன் வீட்டு வாசல்ல."

ஓடினாள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே தம்பியின் பனியன், தம்பியின் காலணி, கையில் கைபேசி. கழுத்துக்கு மேலே ஒரு பக்கமாக இழுபட்ட ஈர நிறம். அதன் ஓரத்தில், காது இருக்கவேண்டிய இடத்தில், ஒரு கண் இமைத்தது.

தம்பிக்குப் பின்னால் சாம்பல் சட்டைக்காரன். முகத்துத் தோலின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது.

அவன் கையை நீட்டி, கண்ணாடியில் அவள் முகம் தெரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தான். மெல்ல இழுக்கத் தொடங்கினான்.