உள்ளே தம்பி வேலையாக இருக்கிறான்

மூடிய அறைக்குள்ளிருந்து தட்டெழுதும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பிழை இருக்கிறது என்று ஆரணிக்கு உறைக்க இரண்டு நாள் பிடித்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கி, பதினொரு பேரைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாய் துடைத்து, ஊட்டிவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு வீடு வந்து சேருகிறவளுக்குச் சப்பாத்தைக் கழற்றக்கூடக் குனிய மனம் வராது. நவம்பர் மாதம் வேறு. நாலரைக்கே ஊர் இருண்டுவிடும். குசினியில் தேத்தண்ணி போட்டு, அங்கேயே மேசையில் தலையைச் சாய்த்துக் கிடப்பாள். அப்போது பக்கத்து அறையில் டக் டக்கென்று சத்தம் கேட்டால், தம்பி வேலை செய்கிறான் என்றுதான் அலுத்த மூளை சொல்லும்.

ஆனால் தம்பி அந்த அறையில் இல்லை. அந்த வீட்டில் இல்லை. ஜெர்மனியிலேயே இல்லை. ஒன்பது மாதமாக எக்குவடோரில், மான்ட்டா என்ற கடற்கரைப் பட்டணத்தில் இருக்கிறான். "இஞ்ச ஒரு அறைக்குக் குடுக்கிற வாடகைக்கு அங்க கடல் தெரியிற வீடே எடுக்கலாம் அக்கா. மூண்டு மாசம் மூச்சு விட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான் மதிசுதன். மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதாகிவிட்டது. தம்பிமாரின் கணக்கு அப்படித்தான்.

அவன் வேலை செய்யும் காப்புறுதி நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய விடாது. அதற்கும் தம்பி ஐயா ஒரு வழி வைத்திருந்தார். நிறுவனம் கொடுத்த மடிக்கணினி எசனில், அவனுடைய பழைய மேசையிலேயே திறந்தபடி கிடக்கும். அதில் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கும். மான்ட்டாவில் அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி, அந்தப் பெட்டி வழியாக உள்ளே வந்து, மத்தியானம் மட்டும் வேலை செய்வான். இங்கே ஆளில்லாத அறையில் திரையில் அம்பு தானாக ஓடும், எழுத்துகள் தானாக விழும். நிறுவனத்தைப் பொறுத்தவரை ஆள் எசனில். கமெரா பழுது என்று சொல்லி முகம் காட்டாமல் ஒன்பது மாதத்தை ஓட்டிவிட்டான்.

ஆரணிக்கு இரண்டு வேலை. கணினி இறுகிப்போனால் அணைத்துப் போடுவது ஒன்று. மற்றது அம்மாவுக்குப் பொய் சொல்வது.

அந்தப் பொய்தான் பெரிய வேலை. அப்பாவின் செத்த வீட்டில், சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "இனி ஆரும் என்னை விட்டிட்டுக் கடல் தாண்டிப் போனா எனக்குத் தாங்க ஏலாது" என்று சொன்னவர் அம்மா பவளம். அதற்குப் பிறகு இதயத்தில் இரண்டு குழாய் வைத்தாயிற்று. இரண்டு ட்ராம் தரிப்பிடம் தள்ளித் தனியாக இருக்கிறார். மகன் அக்காவோடு இருக்கிறான், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்பதுதான் அவருக்குத் தெம்பு. வெள்ளிக்கிழமைகளில் சோறு கறியோடு வருவார். ஆரணி அறைக்குள் வானொலியில் ஒரு பேச்சு நிகழ்ச்சியை மெதுவாக வைத்துவிட்டு, "மீட்டிங்கில இருக்கிறான் அம்மா, மெல்லக் கதையுங்கோ" என்பாள். சோற்றுக் கோப்பையை உள்ளே கொண்டுபோய் வைப்பாள். அம்மா போன பிறகு சோற்றைக் குப்பையில் கொட்டுவாள்.

வியாழக்கிழமை தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் கரண்டி நின்றது. தூரத்திலிருந்து இயக்கினால் எழுத்துகள் திரையில்தானே விழும்? விசைகளை ஒருவரும் அமத்துவதில்லையே. பிறகெங்கே இருந்து சத்தம்?

எழும்பிப் போனாள். கைபிடியைத் தொட்டதும் சத்தம் நின்றது. உள்ளே திரையின் நீல வெளிச்சம், வெறுமையான கதிரை, யன்னலுக்கு வெளியே ஈரமான கூரைகள். அம்பு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. படிவங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. விசைப்பலகையில் போன மாதம் பார்த்த தூசி இல்லை. விசைகள் எல்லாம் மெல்லிய ஈரத்தோடு மினுங்கின. அறையில் ஒரு மணம். அவளுக்குப் பழகிய மணம்தான். நாள்கணக்காக வாய் கழுவாத நோயாளி வாயைத் திறந்தால் முதலில் வருமே, அது.

"தம்பி, என்னடா செய்யிறாய்? ஒருக்கா எடு" என்று செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை. இரண்டு நாளாக அவனிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. சரி, அம்பு ஓடுகிறது, அப்படியென்றால் பொடியன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். அலுப்பு மனுசரை எதையும் நம்ப வைக்கும்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்து குசினியில் இருந்தார். ஆரணி அன்று வானொலியைப் போட மறந்துபோனாள். தேவையும் இருக்கவில்லை.

"என்ன மாதிரித் தட்டுறான் பார்" என்றார் அம்மா, பெருமையாக. "சாப்பிட எண்டாலும் எழும்ப மாட்டானே?"

ஆக, அம்மாவுக்கும் கேட்கிறது. ஆரணி பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. கோப்பையைக் கட்டில் விளிம்பில் வைக்கும்போது கை கதிரையில் பட்டது. இருக்கை சூடாக இருந்தது.

அம்மா போன பிறகு கோப்பையை எடுக்கப் போனாள். வெறும் கோப்பை. ஒரு பருக்கை இல்லை, ஒரு துளி எண்ணெய் இல்லை. கழுவித் துடைத்தது போல் இருந்தது. நானே சாப்பிட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்தாள். போன கிழமை இரட்டை வேலை செய்தேன்தானே. அப்படி நினைத்துக்கொண்டே கோப்பையைக் குப்பையில் போட்டாள், கழுவ மனம் வரவில்லை.

புதன்கிழமை பிற்பகல் தம்பியின் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அவசரத்துக்கென்று அவன் அக்காவின் எண்ணைக் கொடுத்திருந்தான். குழுத் தலைவி லிண்ட்னர் அம்மையார், மிகவும் அன்பான குரல். குறையொன்றும் இல்லையாம். மதிசுதன் ஒரு கிழமையாக மூன்று பேரின் வேலையைச் செய்கிறானாம். சனி, ஞாயிறும் விடவில்லையாம். கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

"கமெராவும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, சந்தோசம். ஆனால் சற்றுத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். இன்று கூட்டத்தில் திரை முழுவதும் அவருடைய வாய்தான் தெரிந்தது."

"என்ன கதைச்சவன்?" என்று ஆரணி தமிழில் கேட்டுவிட்டு, தடுமாறி ஜெர்மனில் திருப்பிக் கேட்டாள்.

"ஒன்றும் பேசவில்லை. திறந்தபடியே இருந்தது" என்றார் அந்த அம்மையார்.

தொலைபேசியை வைத்துவிட்டு ஆரணி நேரே அறைக்குள் போனாள். யோசித்தால் போக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். சின்னப் பெட்டியைக் கழற்றினாள். கணினியின் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். திரை கறுத்தது. விளக்கு அணைந்தது. வெளியே வந்து கதவைப் பூட்டித் திறப்பை மேலங்கிப் பைக்குள் போட்டாள்.

குசினிக்கு வந்து கதிரையை இழுத்தாள்.

டக். டக் டக். டக்.

அன்றிரவும் மறுநாள் இரவும் தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டில் சோபாவில் படுத்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, ஆரணியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வை கொடுத்தாள். படுத்தபடி ஆரணி ஒரு முடிவுக்கு வந்தாள். போதும். இந்தப் பொய்யை இனிமேலும் சுமக்க ஏலாது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அழட்டும், ஏசட்டும், ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடவேண்டி வந்தாலும் பரவாயில்லை. அந்த அறையில் மகன் இருக்கிறான் என்று அம்மா நம்புகிறவரைக்கும் அம்மாவுக்கு ஆபத்து. ஏனென்று அவளால் விளக்க முடியாது, ஆனால் தெரியும்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் அம்மாவுக்கு எடுத்தாள். "இண்டைக்குக் கொஞ்சம் வேளைக்கு வாங்கோ அம்மா. ஒரு விசயம் கதைக்கவேணும். கீழ நில்லுங்கோ, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"என்னட்டத் திறப்பு இருக்குத்தானே பிள்ளை" என்றார் அம்மா.

"வேண்டாம். கீழ நில்லுங்கோ."

மூன்று மணிக்கு ட்ராமிலிருந்து இறங்கும்போது தொலைபேசி அடித்தது. தெரியாத எண், நீளமான எண்.

"அக்கா." குரல் தேய்ந்துபோயிருந்தது. "நான் மதி."

"எங்கயடா நீ?"

"ஆசுப்பத்திரியில. டெங்கு. பத்து நாளா நினைவில்லையாம், இண்டைக்குத்தான் கண் முழிச்சனான். நேர்சிட்ட ஃபோன் வாங்கி எடுக்கிறன். வேலை போயிருக்கும் என்ன?"

ஆரணி தரிப்பிடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நாளா நீ ஒண்டையும் தொடேல்லையோ?"

"எப்பிடித் தொடுறது? ஏன் அக்கா? அக்கா, அம்மா எங்க?"

அவள் ஓடத் தொடங்கினாள். தொலைபேசி கையில். வாசலில் அம்மா இல்லை. வானம் மூடிக் கிடந்தது, குளிர் காற்று, வயதான மனுசி எத்தனை நேரம் வெளியில் நிற்பார். படிகள். ஒரு மாடி. இரண்டு. மூன்றாம் மாடியில் கதவுக்கு வெளியே அம்மாவின் குளிர்காலச் சப்பாத்து ஒழுங்காகச் சோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

"அம்மா!"

குசினியில் ஆளில்லை. சோற்றுப் பெட்டி திறந்து கிடந்தது. அறைத் திறப்பு அவளுடைய பைக்குள் இருந்தது, விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அறைக்கதவு திறந்திருந்தது.

உள்ளே விளக்கு இல்லை. டக் டக் டக் என்று சத்தம். இந்த முறை நிற்கவில்லை.

அம்மா கட்டில் விளிம்பில் இருந்தார். மடியில் கோப்பை. முகம் மலர்ந்திருந்தது. அப்பா போன பிறகு அந்த முகத்தை ஆரணி கண்டதில்லை. அவருக்கு எதிரே கதிரை, முதுகு வாசல் பக்கம். முதுகுக்கு மேலே தலை தெரியவில்லை.

"ஏன் பிள்ளை அறையைப் பூட்டி வைச்சனீ? நான் ஒருக்காத்தான் தட்டினனான், அவனே திறந்துவிட்டவன்."

"அம்மா, வெளியில வாங்கோ. எழும்புங்கோ. தம்பி இஞ்ச இல்லை. இந்தா ஃபோனில நிக்கிறான், கேளுங்கோ."

"அம்மா, நான் மதி" என்றது தொலைபேசி, மிக மெதுவாக.

அம்மா சிரித்தார். "விசர்க் கதை. இந்தா இருக்கிறானே என்ர பிள்ளை." சோற்றைக் குழைத்து உருட்டி, கதிரைப் பக்கம் நீட்டினார். "ஆ காட்டு ராசா. சரியான பசி பிள்ளைக்கு."

ஆரணி தினமும் ஊட்டுகிறவள். ஊட்டும் கை எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். விரல் நுனி. அவ்வளவுதான். பிறகு திரும்பி வரும்.

அம்மாவின் விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு போயிற்று. காப்பு எதிலோ தட்டிக் கிணுங்கியது, பற்களாக இருக்கலாம். பிறகு காப்பும் போயிற்று.

"அம்மா!"

முழங்கை.

"அக்கா, என்ன நடக்குது? அக்கா?"

அம்மாவுக்கு நோகவில்லை போலிருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டும்படி தோளைச் சரித்துக் குனிந்து கொடுத்தார், சிரித்தபடியே, மற்றக் கையால் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டு. விசைகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன.