உப்பரசின் கடைசிக் கிளை

மூத்த கிளை அடைபட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அவள் வம்சக் கோப்பைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது திரையின் அடிவரிசையில் மூன்று பச்சைப் புள்ளிகள் இருந்தன. இப்போது இரண்டு. மூன்றாவது கட்டம் சாம்பல் நிறத்துக்கு மாறி, அதன் கீழே மூன்று சின்ன வாக்கியங்கள் உட்கார்ந்திருந்தன. *அழைத்தார்கள். வர மறுத்தார். இருந்த இடத்திலேயே அமர்த்தினார்கள்.*

அவள் எழுதும் நடை. அவளே எழுதியது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் எழுதவில்லை.

கேம் கம்பெனியில் கதை எழுதுவது அவள் வேலை. விளையாடுகிறவர்கள் வாளைச் சுழற்றுவார்கள், அந்த வாள் யாருடையது, அவனுடைய தாத்தா யார், தாத்தாவுக்கு எத்தனை பெண்டாட்டி என்பதெல்லாம் அவள் கவலை. இந்த முறை அவள் கட்டியது உப்பரசு என்கிற ராஜ்யம். ஒரு நாள் கடல் ஊருக்குள் வந்தது, வடிந்து போனபோது எல்லாரையும் உப்பாக விட்டுவிட்டுப் போனது. அரியணை காலி. மெய்க்காவலர்கள் மட்டும் உப்பிலிருந்து எழுந்து, எங்கோ பிழைத்துக் கிடக்கும் அரச இரத்தத்தைத் தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்தால் மண்டியிட்டு அழைப்பார்கள். வந்தால் அரியணை. வராவிட்டால் அங்கேயே அமர்த்திவிட்டு அடுத்த கிளைக்குப் போவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, விசுவாசிகள், அதனால்தான் பயம் என்று மீட்டிங்கில் அவள் சொன்னபோது எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

பக்கத்து இருக்கை சோடாபுட்டிதான் அந்தக் கோப்புக்கான மென்பொருளை எழுதியவன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தோண்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு அவளுடைய பெயரிலேயே திருத்தம் நடந்திருப்பதாகச் சொன்னான். தூக்கத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் நீங்கள்தான், எங்கள் எல்லாருக்கும் வேலையில்தான் தூக்கம் வருகிறது என்று சிரித்தான். ஞாயிறு மூன்று மணிக்கு அவள் மகளைக் கால்களுக்கு நடுவே உட்கார்த்திவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அந்த வாடை வந்தது. மூடியே கிடந்த பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த ஈரப் புழுக்கம், அதற்கு அடியில் கரிப்பாக ஏதோ. நாக்கு நுனியில் உப்பு.

மதியம் நாத்தனார் போன் செய்தாள். கணவனின் பெரியப்பா போய்விட்டார். நேற்று மதியமே உயிர் பிரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம், இன்று காலை வேலைக்காரம்மா வந்துதான் பார்த்தாளாம்.

"நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தபடியே போயிட்டாரு அண்ணி. கண்ணு திறந்தே இருக்கு. யாரையோ முறைக்கிற மாதிரி. வாய் ஓரத்துல வெள்ளையா ஏதோ படிஞ்சு கெடக்கு, துடைச்சாலும் போகல."

அவள் திரையில் அந்தச் சாம்பல் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் அந்த மூத்த கிளை அவர்தான்.

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. பத்துத் தலைமுறை வம்சாவளியை நான்கே நாளில் கேட்டார்கள். மூளையைக் கசக்கியும் மூன்று தலைமுறைக்கு மேல் நகரவில்லை. அப்போதுதான் கணவன் வீட்டுப் பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. நாங்கள் என்ன லேசுப்பட்ட வம்சமா என்று ஆரம்பித்தால் அந்தப் பெரியப்பா ஓய மாட்டார். கல்யாணத்தன்றே அந்த நோட்டைப் பிரித்து முப்பாட்டன் வரைக்கும் வாசித்த மனிதர். பழம்பெருமை பேசினால் உலை கொதிக்குமா என்று அன்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது, நோட்டு அவன் அலமாரியில்தான் கிடந்தது. பெயர்களை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே இறக்கினாள். யார் கிணற்றில் விழுந்தது, யாருக்கு இரண்டு தாரம், எல்லாருக்கும் இடது காது மடலில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டு, எதையும் விடவில்லை. அந்த வம்சத்தில் மிச்சம் இருந்தது மூன்று பேர். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த ஒரு கிழவர். தம்பி வழிப் பெண் ஒருத்தி, அந்த நாத்தனார். அவளுடைய இறந்துபோன அண்ணனின் ஏழு வயது மகள்.

அந்த ஏழு வயது மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். அவள் பெற்ற ஒரே பிள்ளை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள். பெரியப்பாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடங்கள் இருந்தன, இரண்டு இரண்டாக, அடுத்தடுத்த வரிசையாக, வாசல் வரைக்கும். வேலைக்காரம்மா துணியை முறுக்கிப் பிழிந்து துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் காயக் காயத் தடம் மறுபடி மேலே வந்தது. எத்தனை பேர் வந்து இங்கே முட்டி போட்டார்களோ என்று அந்தம்மா முணுமுணுத்தாள்.

மறுநாள் அவள் மேலாளரிடம் போய் வம்சத்தையே மாற்ற வேண்டும் என்றாள். ரிலீஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வம்சத்தில் கை வைக்காதீர்கள் என்று அவர் கும்பிடு போட்டார். தானே மாற்றலாம் என்று உட்கார்ந்தால் அதற்கும் வழியில்லை. போன மாதம் சோடாபுட்டியிடம் அடம்பிடித்து ஒரு விதியைப் போட வைத்தது அவளேதான். அரச இரத்தத்தை யாரும் அழிக்க முடியாது. கிளையை அடைக்கலாம், அதற்கும் காரணம் எழுத வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒத்திகை பார்க்க எல்லாரும் மேல்மாடிக்குப் போயிருந்தார்கள். நாற்பது நாற்காலிகள், நாற்பதும் காலி. ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, மழை கண்ணாடிச் சுவரில் வழுக்கி இறங்கியது, எங்கோ ஒரு கீபோர்டின் மேல் தண்ணீர் சொட்டுவது போல் விட்டு விட்டு ஒரு சத்தம். வாடை மறுபடி வந்தது, இந்த முறை தொண்டை வரைக்கும். திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகளையும் அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுத்தால் போய்விடும் என்று ஒரு பயம்.

இரண்டாவது கட்டத்தில் எழுத்துகள் தோன்ற ஆரம்பித்தன. யாரோ நிதானமாகத் தட்டுகிற வேகத்தில்.

*அழைத்தார்கள்.*

அவள் போனை எடுத்தாள். வாண்டு பள்ளி விட்டு வந்ததும் நாத்தனார்தான் பார்த்துக்கொள்வாள், இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்பார்கள். மூன்றாவது மணியில் நாத்தனார் எடுத்தாள். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"அண்ணி, நீங்க யாரையாவது வரச் சொன்னீங்களா?"

"இல்லையே. யாரு?"

"தெரியல. படி முழுக்க ஆளுங்க. தலையைக் குனிஞ்சு முட்டி போட்டு நிக்கிறாங்க. வாங்க, வாங்கன்னு ஒரே குரல்ல சொல்றாங்க. வாண்டை உள் ரூம்ல விட்டுட்டு வந்தேன்."

"கதவைத் திறக்காதே. அவங்க கூப்பிட்டா வரேன்னு சொல்லு. வரேன்னு மட்டும் சொல்லிடு."

"எங்க வரச் சொல்றாங்கன்னே தெரியாம எப்படி அண்ணி? பிள்ளையை விட்டுட்டு நான் எங்கயும் வரலைன்னு சொல்லிட்டேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. கதவுச் சத்தம் இல்லை, கூச்சல் இல்லை. ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. யாரோ மெதுவாக உட்காருகிற சத்தம்.

*வர மறுத்தார். இருந்த இடத்திலேயே அமர்த்தினார்கள்.*

இரண்டாவது புள்ளி சாம்பலானது.

ஒன்று மிச்சம். ஏழு வயதுப் பெண். காதில் வெட்டு. தகப்பன் இல்லாதவள்.

அந்தக் கட்டத்தில் எழுத்து தோன்றுவதற்குள் அவள் அதைத் திறந்தாள். அழி என்கிற பொத்தான் இல்லை. காரணம் எழுதும் இடம் மட்டும். இறந்துவிட்டாள் என்று எழுத விரல் போனது. முதல் எழுத்தைத் தட்டிவிட்டு, சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டாள். அவள் எழுதியதெல்லாம் எங்கே போய் நடக்கிறது என்று இப்போது தெரியும். அதை எழுத முடியாது. செத்தாலும் முடியாது.

*அழைத்* 

மூன்றெழுத்து வந்துவிட்டது.  அப்போதுதான் அது தோன்றியது. சின்ன வயதில் அக்காக்காரி அவளைச் சீண்டி அழவைக்கிற பேச்சு. எல்லா வீட்டிலும் கடைக்குட்டியிடம் சொல்லிச் சிரிக்கிற பொய். அவர்களுக்கு வேண்டியது இரத்தம்தானே. இரத்தமே இல்லை என்றால்?

கணவனை நினைத்தாள். மகள் பிறந்த அன்று அந்தக் காது வெட்டைத் தடவித் தடவிப் பார்த்தவன். என்னை மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னாள். நான்கு தடவை பிழையாகி, எழுதி முடித்தாள்.

*இவள் இந்த வம்சத்துப் பிள்ளை அல்ல. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை.*

பச்சைப் புள்ளி ஒரு கணம் துடித்தது. பிறகு அந்தக் கட்டமே மரத்திலிருந்து கழன்று மறைந்தது.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. யாரோ அதைத் தரையிலிருந்து எடுத்தார்கள்.

"அம்மா?"

"கண்ணு. நான்தான். எங்க இருக்கே?"

"ஹால்ல. அவங்க எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்கம்மா. ஜன்னல் வழியா பாத்தேன். வரிசையா தெருவுல போறாங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து பொங்கியது. என் தங்கம், என் தங்கம் என்று அதையே சொன்னாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தை பேச மாட்டேன் என்கிறாள், கையெல்லாம் நறநறவென்று இருக்கிறது என்றாள். அத்தையைத் தொடாதே, அம்மா இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவள் பையைத் தேடினாள்.

"அம்மா, வாசல்ல ஒருத்தங்க வந்திருக்காங்க."

"போயிட்டாங்கன்னு சொன்னியே."

"அவங்க இல்ல. இவங்க வேற. ஒரே ஒரு பாட்டிம்மா. முதுகுல சாக்கு மூட்டை வெச்சிருக்காங்க."

"கதவைத் திறக்காதே."

"அவங்ககிட்டயே சாவி இருக்கும்மா." பிள்ளையின் குரலில் பயமே இல்லை. "வாங்கினதைத் திருப்பித் தரேன், என் பொண்ணைக் குடுங்கன்னு கேக்கறாங்க."

அவள் ஓடினாள்.

லிஃப்டுக்கு நிற்கவில்லை. குடை எடுக்கவில்லை. மழை முகத்தில் அறைந்தது. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு தெரு. சிக்னல். இன்னொரு தெரு. செருப்பு அறுந்தது. உதறிவிட்டு ஓடினாள். போனில் பேச்சு இல்லை. ஏதோ பொழிகிற சத்தம் மட்டும். மழை இல்லை. காய்ந்த எதையோ மெதுவாக, கடைசி வரைக்கும் கொட்டுகிற சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

படிகளில் யாரும் இல்லை. படிக்கு இரண்டு இரண்டாக வெள்ளை வட்டங்கள், மூன்றாவது மாடி வரைக்கும். கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஓரம் வெள்ளை.

சுவரில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு படத்தின் இடம் காலியாக இருந்தது, ஆணிகூட இல்லை. செருப்பு அடுக்கில் சின்னச் செருப்பு இல்லை. பள்ளிப் பை இல்லை. உள் அறையில் இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் ஒரே ஒரு தலையணை.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாண்டு என்பது வந்தது. பள்ளியில் வைத்திருந்த பெயர் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஹாலுக்குத் திரும்பி வந்தாள். நடுத் தரையில் தவிடு கிடந்தது. ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் எடை இருக்கும். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்ட வடிவில் நீளமாகக் குவிந்திருந்தது. மேல் பக்கம் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. ஏறியது.

விசிறிக் காற்றில் ஓரத்திலிருந்து ஒரு பிடி தவிடு பறந்து சுவரோரம் சிதறியது.

அவள் பாய்ந்து விசிறியை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கதவைச் சாத்தி, அடியில் இருந்த இடைவெளியில் தன் ஈரச் சேலை முந்தானையைக் கிழித்து அடைத்தாள். சுவரோரம் சிதறியதை ஒவ்வொரு துகளாக நகத்தால் பொறுக்கிக் கொண்டுவந்து சேர்த்தாள். கை பட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு அதைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டாள், தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு. நாத்தனாரின் திறந்த கண்கள் மேலிருந்து பார்த்தபடி இருக்க, தன் மூச்சுக் காற்று பட்டுக் கலைந்துவிடக் கூடாதே என்று அவள் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.