மணக்காத சாம்பிராணி

சாம்பிராணி மணக்கவில்லை.

வியாழக்கிழமை மஃரிப் தொழுகை முடிந்ததும் மாமியார் மைமூனம்மாள் மூட்டிய புகை கூடம் முழுக்கச் சுருண்டு கிடந்தது. பால்புட்டியோடு அதற்குள் நடந்து வந்த ஹஸ்னா பானுவுக்குக் கண் கரித்தது, தொண்டை கமறியது, மூக்குக்கு மட்டும் எதுவுமே எட்டவில்லை.

"ஒவ்வொரு ரூமா காட்டிட்டு அங்கன வாரேன்ட்டி" என்றாள் மைமூனம்மாள்.

ஹஸ்னா தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பழுது. கீழ் இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். கல்யாண மாலைப் பூக்களை ரெசினில் உறைய வைத்துக் கொடுப்பது அவள் தொழில். பக்கத்து வீட்டு விசைத்தறியிலிருந்து பறந்து வரும் பஞ்சுத்தூசி ஒன்று ஒட்டினாலும் ஆர்டர் திரும்பி வந்துவிடும். அதனால் ஜன்னலையும் ஒரு வாரமாக அடைத்தே வைத்திருந்தாள். "இந்த நாத்தத்துல பிள்ளையக் கெடத்தாதட்டி" என்று மாமி தினமும் சொல்வாள். என்ன நாற்றம் என்று ஹஸ்னா சிரிப்பாள்.

தொட்டிலில் மகள் நூருல் ஹுதா தூங்கினாள். அடியில் தரை ஈரமாக இருந்தது. பிள்ளை நனைத்துவிட்டாள் போல என்று குனிந்து தொட்டாள், விரலை முகர்ந்து பார்த்தாள். வாடையே இல்லை. ஈரம் விரலிலேயே உலர்ந்தது. உலர உலர விரல் ஐஸாய்ச் சில்லிட்டது.

மூத்திரம் இப்படிச் சில்லிடாது.

தொட்டிலுக்கு அப்பால், ரெசின் அச்சுகளைத் துடைக்கும், பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும் தின்னர் கேன் சாய்ந்து கிடந்தது. மூடி மேசைமேல், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. தொட்டில் சேலையின் நுனி தரையில் தோய்ந்து, ஈரம் பாதிவரை ஏறியிருந்தது. மூக்கு என்றைக்குச் செத்தது? ஹஸ்னா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"மாமி! வராதீங்க!"

தறிச் சத்தம் அதை விழுங்கியது. ஒரு வாரமாகக் கட்டியிருந்த தொண்டை. மறுபடி கத்தினாள். காற்றுதான் வந்தது.

பிள்ளையை வாரி எடுத்தாள். தலை சுற்றியது. மேசை. சுவர்.

கரண்ட் போனது.

தறிகள் நின்றன. இருட்டு. பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகையில் ஹஸ்னாவின் கம்மிய குரல் அமுங்கிப்போனது.

"அழாத மக்கா. இருட்டுக்கா பயப்படுத? இந்தா, வெளிச்சம் கொண்டு வாரேன்." கதவுக்கு வெளியே மாமியின் குரல்.

காலடி. பக்கத்தில்.

கதவு கைக்குத் தட்டுப்பட்டது. திறக்கவிடாமல் அழுத்தினாள். கால் வழுக்கியது. துணி நகர்ந்தது. வெளியிலிருந்து தள்ள, கதவு ஒரு சாண் திறந்தது.

மாமியின் முகம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பேத்தி பயப்படக் கூடாதென்று, மைமூனம்மாள் சாம்பிராணிச் சட்டியை வாயருகே தூக்கிக் கங்குகளை ஊதிக்கொண்டிருந்தாள். சிவந்த முகத்தில் சிரிப்பு. பொறிகள் ஒவ்வொன்றாக உள்ளே பறந்து வந்தன.